மாசிலாமணி என்னும் கடவுச்சொல்

சாம்பலோடையில் முதன்முதலாக ஒரு பெயரைத் தொலைத்தவர் வேதமுத்து. சிமெண்ட் ஆலையில் மேஸ்திரியாக இருந்த அவர் பகல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, சட்டையிலிருந்த தூசியை வாசலில் நின்று தட்டிவிட்டு, எப்போதும்போல மூத்த மகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தபோது காற்று மட்டும்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் காற்று. இளைய மகள் பெயர் வந்தது, மனைவி பெயர் வந்தது, நாயின் பெயர்கூட வந்தது, மூத்தவள் பெயர் மட்டும் வரவில்லை. எழுதியாவது பார்ப்போம் என்று அவளுடைய பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ரோசலின் என்று எழுதப்போன பேனா, எழுத்துக்கு ஒன்றாகக் கறுப்புப் புள்ளிகளை வரிசையாக வைத்துவிட்டு நின்றது.

அன்று காலையில்தான் ஆலை வாசலில் புது எந்திரங்களை வைத்திருந்தார்கள். வருகை, விடுப்பு, கேண்டீன் சாப்பாடு எல்லாம் இனி அவற்றின் வழியாகத்தான் என்றும், ஒப்பந்தத் தொழிலாளி தொடங்கிப் பொது மேலாளர் வரைக்கும் ஆளுக்கொரு கணக்கும் ஒரு கடவுச்சொல்லும் உண்டென்றும் அறிவித்தார்கள். கணினிப் பிரிவிலிருந்து வந்த சுடர்க்கொடி என்ற பெண் மைக்கைப் பிடித்து, கடவுச்சொல்லைத் தமிழிலேயே தட்டலாம், அதை யாருக்கும் சொல்லக் கூடாது, மறந்தும் போகக் கூடாது, அதனால் மனசுக்கு ரொம்ப நெருக்கமான சொல் எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆலையே வரிசையில் நின்று, பிள்ளைகளின் பெயரையும் குலசாமிகளின் பெயரையும் செத்துப்போன அம்மாக்களின் பெயரையும் அந்தக் கண்ணாடித் திரையில் தட்டிவிட்டு உள்ளே போனது. மாலையில் வெளியே வந்தபோது அத்தனை பெயர்களும் அத்தனை வாய்களிலிருந்தும் போயிருந்தன.

ஏன் இப்படி ஆனது என்று சாம்பலோடையில் யாரும் துருவிக் கேட்கவில்லை. ஓடைத் தண்ணீர் ஒரு நாள் பால்போல வெளுத்து ஓடியபோதும், வேப்பிலை பச்சை மாறிச் சாம்பல் நிறத்தில் துளிர்த்தபோதும், பூனைகள் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டபோதும் அவர்கள் கேட்டதில்லை. ஆலை வந்த ஊரில் ஆலையால் வருவது வரும் என்று இருந்துவிட்டார்கள். கடவுச்சொல்லுக்குக் கெடு முடிந்து, புதியதை வை என்று எந்திரம் சொன்ன அன்று, வேதமுத்து மகளின் பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனின் பெயரை வைத்தார். வைத்த நொடியில் மகளின் பெயர் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆலை வாசலிலேயே நின்று ரோசலின், ரோசலின் என்று சத்தம்போட்டு அழுதார். அப்போதுதான் ஊருக்கு விஷயம் பிடிபட்டது: எதைக் கடவுச்சொல்லாக வைக்கிறோமோ அது நம் வாயைவிட்டுப் போய்விடும், மாற்றினால் திரும்பி வந்துவிடும், அவ்வளவுதான்.

அதன் பிறகு சாம்பலோடை அந்த அதிசயத்தோடு குடித்தனம் பண்ணப் பழகிக்கொண்டது. எந்தச் சொல் இல்லாமல் இருக்க முடியும் என்று ஒவ்வொருவரும் யோசித்தார்கள். புருஷன் பெயரை வாழ்நாளில் வாய்விட்டுச் சொல்லியிராத பெண்கள் கூச்சமே இல்லாமல் புருஷன் பெயரை வைத்தார்கள். அவர்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. பங்காளிச் சண்டைக்காரர்கள் பங்காளிகளின் பெயரை வைத்தார்கள். ஒருவன் பொண்டாட்டி வற்புறுத்தலில் சாராயம் என்று வைத்துவிட்டு, கடையில் போய் விரலால் காட்டி வாங்கிக் குடித்தான். ஆய்வுக்கூடத்துப் பெண்ணும் லாரி ஓட்டுகிற பையனும் ஒருவர் பெயரை ஒருவர் வைத்துக்கொண்டு, பார்க்கிற இடத்தில் எல்லாம் காற்றை ஊதிக்கொண்டார்கள். அதைப் பார்த்தே வீட்டில் கண்டுபிடித்து அடி பின்னிவிட்டார்கள். காற்று ஊதுகிறவனைப் பார்த்தால், எதையோ பூட்டி வைத்திருக்கிறான் என்று புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போவது அந்த ஊரின் மரியாதையாக ஆயிற்று.

அது சிரிக்கிற மாதிரி இருந்தது போனஸ் பேச்சுவார்த்தை வரைக்கும்தான். தொழிலாளர் பக்கம் பேச வந்தவர், இந்தச் சொல்லை நாம் எங்கே பார்க்கப்போகிறோம் என்று வேடிக்கையாக போனஸ் என்பதையே கடவுச்சொல்லாக வைத்திருந்தவர். பொது மேலாளர் குலோத்துங்கனுக்கு எதிரே உட்கார்ந்து, கோரிக்கை என்ன என்று கேட்டதும் அவர் வாயைத் திறந்து ஊதினார். சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். குலோத்துங்கனும் சிரித்தார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகும் அவர் மட்டும் அந்த மனிதரின் வாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடர்க்கொடியின் அப்பா அதே ஆலையில் தூசி தின்றே செத்தவர். அம்மா பூரணிக்கும் நெஞ்சில் அதே தூசி. அவள் ஆலையின் ஆஸ்பத்திரியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மாதக்கணக்காகப் படுத்திருந்தாள். மகள் வேலையில் இருக்கிறவரை அம்மாவுக்குக் கட்டில் உண்டு. கணினிப் பிரிவில் சுடர்க்கொடியின் வேலை எல்லோருடைய கணக்குகளையும் பார்த்துக்கொள்வது. கணக்கு கணக்காகத் திறந்து உட்கார்ந்தால் ஆயுசு போதாது என்பதால் அதற்கு ஒரு நிரல் எழுதி வைத்திருந்தாள். அந்த நிரல் முதல் கணக்கில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே கடைசிக் கணக்குவரை போய்வரும். போகிற வழியில் இவருடைய கடவுச்சொல் காலாவதி ஆக வேண்டுமா, ஆக வேண்டாமா, இவர் அதைத் தானே மாற்றிக்கொள்ளலாமா, கூடாதா என்று அவள் சொன்னபடி திருகிவிட்டுப் போகும். ஆம் என்றும் இல்லை என்றும் சில வரிகள், அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுகிற மாதிரிதான் அவளும் அதைச் செய்துவந்தாள்.

மாசிலாமணி செத்தது மழை விட்ட ஒரு காலையில். அரைத்த சிமெண்டைக் கொட்டி வைக்கிற உயரமான உருளைக் கோபுரத்தை அங்கே சைலோ என்பார்கள். ஈரத்துக்கு அதன் உள்சுவரில் சிமெண்ட் பாளம்பாளமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. லாரிகள் வெளியே வரிசையில் நின்றன. பாதுகாப்பு பெல்ட் ஸ்டோரிலிருந்து வரட்டும் என்று வேதமுத்து சொன்னதற்கு, அதுவரைக்கும் லாரிக்காரனுக்கு நீயா பதில் சொல்லுவ என்று குலோத்துங்கன் கேட்டார். மாசிலாமணி ஒப்பந்தத் தொழிலாளி. இடுப்பில் பழைய கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையில் கம்பியோடு உள்ளே இறங்கினான். மேலே கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தது வேதமுத்து. பாளம் பெயர்ந்து விழுந்தது, கயிறு அறுந்தது, கையில் மிஞ்சிய துண்டோடு வேதமுத்து மல்லாக்க விழுந்தார். அவனைத் தோண்டி எடுத்தபோது, சுண்ணாம்பு பூசிய சிலை மாதிரி இருந்தான். எடுத்துக் கழுவிய கைகள் நிறைய. பார்த்த கண்கள் அதைவிட நிறைய.

மத்தியானத்துக்குள் அவன் உடம்பு ஆலைக்கு வெளியே, லாரிகள் திரும்புகிற வளைவில் கிடந்தது. சாலை விபத்து என்றார்கள். அவன் ஆலையில் வேலையே செய்ததில்லை என்றார்கள். குலோத்துங்கன் சுடர்க்கொடியை அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்தக் கணக்க எடுத்துரும்மா. அப்படி ஒருத்தர் நம்மகிட்ட இல்ல."

எடுத்தாள். ஒரே வரி.

"இன்னொன்னு. எல்லாருக்கும் பாஸ்வேர்டு நாமளே வைக்கப் போறோம். ஒரே சொல்லு. காலாவதி ஆகக் கூடாது, யாரும் மாத்தவும் கூடாது. நிரல்லயே செய்யலாம்ல?"

"செய்யலாம் சார். ஆனா எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுன்னா அது எப்படி சார் பாதுகாப்பு?"

"நமக்குப் பாதுகாப்பு" என்றார் குலோத்துங்கன், கோபப்படாமல். "என்ன சொல்லுன்னு கேக்க மாட்டியா?"

அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. அவர் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "அம்மாவுக்கு இப்ப மூச்சு எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட நேத்துகூட விசாரிச்சேன்" என்றார்.

சுடர்க்கொடி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். நிரலைத் திறந்தாள். காலாவதி ஆகுமா என்ற இடத்தில் இல்லை என்றும், தானே மாற்றலாமா என்ற இடத்திலும் இல்லை என்றும் எழுதினாள். கடவுச்சொல்லின் இடத்தில் மாசிலாமணி என்று எழுதினாள். ஓட விட்டாள். நிரல் முதல் கணக்கில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், அவளுடைய கணக்கையும் தொட்டுவிட்டுத் தாண்டிப் போனபோது, திரையில் அவளே எழுதியிருந்த பெயர் அவள் கண்ணெதிரில் கறுப்புப் புள்ளிகளாக மாறியது.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்கள் இழவு வீட்டில் கூடினார்கள். மாசிலாமணியின் மனைவி அஞ்சுகம் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெருவில் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். ஏய் மாசிலா, சோறு ஆறுது வா என்று அவள் கூப்பிடுகிற சத்தம் தெருமுனைவரை கேட்கும், மற்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். இப்போது அவள் மாசிலா, மாசிலா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க உட்கார்ந்த, ஆலை வேலைக்குப் போகிற பெண்கள், அவன் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் ஊதினார்கள். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காற்று ஊதுகிறவனிடம் வேறு பேச்சுக்குப் போவதுதான் அந்த ஊரின் மரியாதை. அவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

அஞ்சுகம் விடவில்லை. தொழிற்சாலைகளைப் பார்வையிடுகிற அரசு அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தாள். என் புருஷன் ரோட்டில் சாகவில்லை, சைலோவுக்குள் செத்தான் என்று சொன்னாள். விசாரணைக்கு வருகிறோம், உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது, அவன் பெயரைச் சொல்லி, இன்னார் எங்களோடு வேலை செய்தார், இப்படி இறந்தார் என்று சாட்சி சொல்லட்டும் என்றார்கள். அவள் வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அழுதார்கள், ஊதினார்கள்.

வேதமுத்துவின் வீட்டில் மட்டும் அவள் சண்டை போட்டாள்.

"அண்ணே, கயித்தப் புடிச்சது நீங்க."

"நான்தாம்மா."

"அப்ப வந்து சொல்லுங்க."

"பேரு வர மாட்டேங்குதேம்மா. அவன் பேரச் சொல்லாம நான் எவனப் பத்திச் சொல்ல? உனக்குத் தெரியாததா? எந்திரத்துல பூட்டிட்டானுவ." அவர் தன் தொண்டையைப் பிடித்துக் காட்டினார். "இது மட்டும் திறந்திருந்தா, அந்த ஆபீசர் முன்னாடி நின்னு நெஞ்சத் தட்டிச் சொல்லுவேன். என் பொண்ணு மேல சத்தியமா சொல்லுவேன்."

அஞ்சுகம் அதை நம்பினாள். அவரும் நம்பினார்.

பிறகு ஆலையிலிருந்து ஆள் வந்தது. சாலை விபத்துதான் என்றாலும், மனிதாபிமான அடிப்படையில் கேண்டீனில் ஒரு வேலை, குடியிருக்கிற கோட்டர்ஸில் அப்படியே இருந்துகொள்ளலாம், குழந்தையின் படிப்பையும் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றால் வார முடிவில் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். கேண்டீன் வேலைக்குச் சம்மதித்துக் கணக்குத் திறக்க வந்த அஞ்சுகத்தைப் பார்த்ததும் சுடர்க்கொடி எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, வேணாங்க்கா. கணக்கு தொறந்தா உங்க வாய்லேருந்தும் போயிரும். எனக்கு இத மாத்த உத்தரவு இல்ல."

"தெரியும்" என்றாள் அஞ்சுகம். "ஊருல யாருக்குத் தெரியாது? நேத்துப் பொழுது சாயற வரைக்கும் ஓடைல உக்காந்து சொல்லிக்கிட்டே இருந்தேன். வாய் வலிக்கிற வரைக்கும் சொன்னேன். போதும். புள்ளைக்குச் சோறு வேணும், படுக்க எடம் வேணும். தொற."

சுடர்க்கொடி திறந்தாள்.

சில வாரங்கள் கழித்து அஞ்சுகம், கேண்டீன் ஏப்ரனோடு, ஈரக் கையோடு, கணினிப் பிரிவுக்குள் வந்து அவள் எதிரில் நின்றாள். அறையில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அஞ்சுகம் வாயைத் திறந்தாள், ஊதினாள், மூடினாள்.

"தூக்கத்துல கூப்புடுறேன் போல. முழிச்சா தலகாணி ஈரமா இருக்கு. புள்ள சொல்றா, அம்மா நீ ராவெல்லாம் ஊதுற, எனக்குப் பயமா இருக்குங்கிறா." ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். "இத நீதான தட்டுன?"

"ஆமாக்கா."

"எந்த வெரலால?"

சுடர்க்கொடி இரண்டு கைகளையும் நீட்டினாள். அஞ்சுகம் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

அன்று மாலை சுடர்க்கொடி ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். ஆலையில் கணக்கு எதுவும் இல்லாத பூரணி, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே வெகு சாதாரணமாக, "மாசிலாமணி பொண்டாட்டியா? நல்ல புள்ளையாச்சே" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தப் பெயரைக் காதால் கேட்ட சுடர்க்கொடி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால என்ன செய்ய முடியும்மா? நீ இங்க படுத்திருக்க."

பூரணி மூக்கிலிருந்த குழாயை விலக்கிக்கொண்டு மகளைப் பார்த்தாள். "எனக்காகத்தான் செஞ்சேன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லிராதடி. அசிங்கமா இருக்கு."

விசாரணைக்கு அதிகாரி வருகிற அன்று, சுடர்க்கொடி எல்லோருக்கும் முன்னால் ஆலைக்குப் போனாள். நிரலைத் திறந்தாள். புள்ளிகளாக நின்ற இடத்தை அழித்தாள். அதற்குப் பதிலாக, எந்த மொழியிலும் யாரும் பேசாத, தாய் பிள்ளைக்கு வைக்காத, எவனும் எவளையும் கூப்பிடாத எழுத்துக் குவியல்களை, கணக்குக்கு ஒரு குவியலாக வைக்கச் சொல்லி ஓட விட்டாள். நிரல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு நின்றது. காலியான அந்த அறையில் அவள் மாசிலாமணி என்று சொன்னாள். வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

ஷிப்டுக்கு வந்தவர்கள் வாசல் எந்திரத்தில் வழக்கமான சொல்லைத் தட்டினார்கள், தவறு என்றது. அடுத்தவர் தட்டினார், தவறு. வரிசை முறுக்கிக்கொண்டு தெருவரை போயிற்று. என்னடா இது, மாத்திட்டாங்களா என்று ஒருவன் கேட்டான். மாத்திட்டாங்கபோல என்று ஒருவன் சொன்னான். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். பூட்டு போய்விட்டது என்பது அந்த வரிசையில் முன்னாலிருந்து பின்னால்வரை, ஒரு வார்த்தை இல்லாமல், தலை தலையாகத் தெரிந்துபோனது. யாரும் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கவில்லை. காவலாளி கடைசியில் வாசலைச் சும்மா திறந்துவிட்டார்.

கேண்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அஞ்சுகம், எப்போதும்போல மனசுக்குள் கூப்பிட்டதாக நினைத்தாள். மாசிலா என்று அவள் குரலே அவளுக்குக் கேட்டது. தட்டு கையைவிட்டு நழுவியது.

விசாரணை ஆலையின் கூட்ட அறையில் நடந்தது. பெரியநாயகம் என்ற அதிகாரி, வெயிலில் பஸ் ஏறி வந்த களைப்போடு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓரத்து நாற்காலியில் குலோத்துங்கன். அவர் யாரையும் மிரட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே வருகிற ஒவ்வொருவரையும், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பவர்போலப் பார்த்துத் தலையசைத்தார். சுடர்க்கொடி கதவோரம் நின்றாள்.

அஞ்சுகம்தான் முதலில் பேசினாள். "என் புருஷன் பேரு மாசிலாமணி" என்றாள். சத்தமாக, தெருமுனைவரை கேட்கிற அந்தப் பழைய சத்தத்தில் சொன்னாள். "மாசிலாமணி. இந்த ஆலை சைலோவுல செத்தாரு." அறையில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். அவள் வாயிலிருந்து வந்தது என்றால் எல்லோர் வாயிலிருந்தும் வரும் என்பதும் அத்தனை பேருக்கும் தெரிந்தது.

"நீங்க உள்ள இல்லையேம்மா" என்றார் பெரியநாயகம், வருத்தமாகத்தான். "உள்ள இருந்தவங்க சொல்லணும்." அவர் வரிசையைப் பார்த்தார். "யாரு மேஸ்திரி?"

வேதமுத்து எழுந்தார். அஞ்சுகம் அவரைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினாள்.

"உங்ககூட அன்னிக்கு சைலோவுல வேலை செஞ்சது யாரு? பேரச் சொல்லுங்க."

வேதமுத்துவுக்குத் தொண்டைக்குள் அந்தப் பெயர் நிற்பது தெரிந்தது. முழுசாக நின்றது. நாக்கைத் தூக்கினால் போதும். அவர் ஓரத்து நாற்காலியைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார், வாயைத் திறந்தார். ஊதினார்.

"என்னது?"

"வர மாட்டேங்குதுங்க. பாஸ்வேர்டுல போயிருச்சு."

பெரியநாயகத்துக்குப் புரியவில்லை. அடுத்தவரைக் கேட்டார். அடுத்தவர் எழுந்து ஊதினார். அதற்கடுத்தவர், சிமெண்டைத் தோண்டி எடுத்தவர், ஊதினார். உடம்பைக் கழுவியவர் ஊதினார். லாரி வளைவுக்குத் தூக்கிப்போனவர் ஊதினார். எல்லோரும் ஒரே அளவு காற்றை, பழகிய காற்றை, சரியாக ஊதினார்கள். அந்த அறையில் பூட்டு இல்லை என்று தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருவர் ஊதுவதை ஒருவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியநாயகம் காற்றை எழுதிக்கொள்ள வழியில்லாமல், சாட்சி இல்லை என்று எழுதி எழுந்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு குலோத்துங்கன் கதவோரம் நின்றவளிடம் வந்தார். "நான் ஒண்ணுமே செய்யலம்மா. நீயே பாத்தல்ல" என்றார். உண்மையாகவே அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டவர்போல இருந்தார். பிறகு அவளை வேலையைவிட்டு நீக்கியிருப்பதாகச் சொன்னார். அஞ்சுகத்தையும் நீக்கினார்கள். பூரணியை அன்றைக்கே குழாயைக் கழற்றி, ஆட்டோவில் ஏற்றி, மாவட்டத் தலைநகரத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வராண்டாவில் இடம் கிடைத்தது.

மறுநாள் காலை, பஸ் நிறுத்தத்தில் சுடர்க்கொடி அம்மாவிடம் போவதற்காக நின்றாள். அஞ்சுகமும் மூட்டையோடும் மகளோடும் நின்றாள். தம்பி ஊருக்குப் போகிறாள். பிறகு என்ன நினைத்தாளோ, அஞ்சுகம் மூட்டையை நகர்த்தி, பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டாள்.

பஸ் வந்து நின்றபோது வேதமுத்து ஓடிவந்தார். ராத்திரி தூங்காத முகம்.

"தங்கச்சி, மன்னிச்சிரும்மா."

அஞ்சுகம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "வாய் தொறந்துதான் இருந்துச்சாண்ணே?"

அவர் தலையைக் குனிந்தார். "இருந்துச்சு."

"அப்புறம்?"

"ரெண்டும் பொட்டப்புள்ள. அந்த ஆளு பாத்துக்கிட்டே இருந்தான்."

அஞ்சுகம் ஜன்னல் வழியே டீக்கடைப் பக்கம் பார்த்தாள். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "சரி" என்றாள். "இங்க ஆபீசரு இல்ல. அந்த ஆளு இல்ல. எனக்காவ ஒருவாட்டி சொல்லிட்டுப் போங்க. அவரு பேர உள்ள இருந்த ஒருத்தரு வாயால ஒருவாட்டி கேட்டுட்டுப் போறேன்."

"சொல்றேன்மா" என்றார் வேதமுத்து. அவருக்கு முகமே தெளிந்துவிட்டது. இதையாவது செய்யலாம் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து வாயைத் திறந்தார்.

காற்று வந்தது.

திகைத்துப்போய் மறுபடி திறந்தார். நேற்றுத் தொண்டையில் முழுசாக நின்ற பெயர், இன்று துழாவிப் பார்த்தால் அங்கே இல்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் முட்ட, கம்பியை உலுக்கி உலுக்கி ஊதினார்.

அஞ்சுகம் அவரைப் பார்த்தாள். "நடிச்சது போதும்ணே" என்றாள். "கைய எடுங்க, வண்டி கெளம்புது."

பின்சீட்டில் இருந்த சுடர்க்கொடிக்கு, ஆலையில் எந்தக் கணக்கிலும் அந்தப் பெயர் இப்போது இல்லை, அந்த நிரலை ஓட்ட அவளைவிட்டால் அங்கே ஆளும் இல்லை என்று தெரியும். நடிக்கிறவன் தொண்டை அப்படித் துடிக்காது என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இதைத் திறக்க அவளிடம் எந்த வரியும் இல்லை. அக்கா, அவரு நடிக்கலக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர, வேதமுத்து வாயைத் திறந்தபடியே அதன் கூட ஓடி வந்தார், லாரி வளைவுவரைக்கும் ஓடி வந்தார், பிறகு பஸ் கிளப்பிய வெள்ளைத் தூசி அவரை மூடிக்கொண்டது.